பேரலுக்குப் போர்த்திய ஈரச் சாக்கு

போன மாதம் சாத்தூர் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பொட்டலில் மறுபடியும் விமானம் வரப்போகிறது, பிள்ளைகளுக்கு ஓட்டப் பழக்கும் பள்ளி திறக்கிறார்கள் என்றார் ஒருவர். மற்றவர், "அங்கன முந்தி ஒரு கேப்டன் விழுந்து செத்தாருல்ல? பட்டாசுக் கம்பெனிப் பொம்பளைகளுக்கு வேடிக்கை காட்டப் போயி" என்றார். நான் திரும்பி, அது பொய் என்றேன். நீங்க யாரு என்று கேட்டார்கள். அங்கே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் என்றேன். அதற்குள் இருக்கன்குடி விலக்கு வந்து இறங்கிவிட்டார்கள்.

மீதியை யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும். ஆகட்டும்.

என் பெயர் பேச்சியம்மாள். சாத்தூருக்குத் தெற்கே, ஏழாயிரம்பண்ணைப் பக்கம், ஒரு மில் முதலாளி தன் சொந்த விமானத்துக்காக ஓடுதளம் போட்டிருந்தார். ஊரில் அதற்கு ஏரோப்ளேன் பொட்டல் என்று பெயர். கிழக்குக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நாலு பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்று. மேற்குக் கோடி தாண்டினால் ஒரு பட்டாசுக் கம்பெனி. வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டின சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் இன்னொன்றுக்குத் தாவக்கூடாது என்று அந்த இடைவெளி.

அந்தக் கம்பெனியில்தான் நான் முதலில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே கற்றது ஒன்றே ஒன்று. வெயிலை நம்பக்கூடாது. அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்க வேண்டும், இரும்பு கொண்டு போகக்கூடாது, வெயில் ஏறினால் தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாசலில் ஈரச் சாக்கு போட வேண்டும். தண்ணீர் இருக்கிற இடத்தில் உயிர் இருக்கும் என்பார் எங்கள் போர்மேன். அது என் ரத்தத்தில் ஊறிப்போனது. பிறகு என் வீட்டுக்காரர் பொட்டலில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நானும் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனேன். ஆறு மாதத்தில் மெக்கானிக் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் தங்கசாமி அண்ணாச்சி. மல்லாங்கிணற்றுக்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் மடித்த வெள்ளைத் துணி. எண்ணெய் வேலை பார்க்கிற மனுஷனின் சட்டையில் நான் ஒரு கறை பார்த்ததில்லை. சத்தம் போட மாட்டார். நாம் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால், எதுவும் சொல்லாமல் அதை முதலிலிருந்து கழற்றி நம் கண் முன்னால் அவரே செய்வார். வசவு வாங்குவது அதைவிட மேல்.

விமானத்தைப் பிள்ளை என்றுதான் சொல்லுவார். "பிள்ளைக்கு மூஞ்சி தொடச்சு விடு பேச்சி" என்றால் முன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். சனிக்கிழமை சாத்தூர் சேவு வாங்கி வந்து, பேப்பரில் கொட்டி, ஆளுக்கு ஒரு குவியல் சமமாகப் பிரிப்பார். அதிலும் ஒரு துணுக்குக் கூடக் கூடாது, குறையக் கூடாது.

கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே கறுப்புப் பெயிண்ட் அடித்து ஆணி வைத்திருந்தார். எதை எடுத்தாலும் திரும்ப அங்கே மாட்ட வேண்டும். ஒரு நாள் சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் காணோம். முதலாளி விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி போய், "இறங்குங்க முதலாளி. அது இஞ்சினுக்குள்ள கிடக்கலைன்னு தெரியாம நான் விட மாட்டேன்" என்றார். முதலாளி கொட்டகை நிழலில் ஒரு மணி நேரம் நின்றார். கடைசியில் அது அண்ணாச்சியின் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. காலையில் தூக்குச்சட்டி மூடியை நெம்ப எடுத்திருக்கிறார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அவர் தவறு எழுதும் நோட்டை எடுத்து, தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்புறம் அவரும் சிரித்தார்.

அவரிடம் ஒரு குறை உண்டு. காரணம் சொல்ல மாட்டார். "சொன்னதைச் செய், காரணம் அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது.

பெட்ரோல் விஷயத்தில் அவர் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். விமானத்துப் பெட்ரோல் லேசான நீல நிறம். பேரலில் வரும். பேரலை நிமிர்த்தி வைத்தால், ஒரு பக்கம் அடியில் மரக்கட்டை கொடுத்துச் சாய்க்க வேண்டும். மூடி இருக்கிற பக்கம் மேலே ஏறி நிற்க வேண்டும். கைப்பம்பால் இறைக்கும்போது புனலில் மெத்தென்ற தோல் ஒன்றைக் கட்டி வடிகட்ட வேண்டும். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. விமானத்தில் ஊற்றியபின் அரைமணி நேரம் விட்டுவைத்து, இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடிக்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். நடுவில் கோடு கிழித்த மாதிரித் தெரியும். கோடு இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் பறக்கலாம்.

பதினோரு வருஷம் நான் ஜாடி பிடித்தேன். அந்த ஜாடியைத் தூக்கிப் பார்க்கும்போது எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். நான் கோடு இல்லை என்றால்தான் கேப்டன் ஏறுவார்.

கேப்டன் பெயர் சலீம். விருதுநகரில் கடைவீதியில் மல்லி, மிளகாய் வியாபாரம் பண்ணின குடும்பம். அப்போது அவருக்கு முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பேச்சியக்கா என்பார். மத்தியானம் பட்டாசுக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் புறப்பட்டால், மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் கை காட்டுவார்கள். நல்ல உயரத்துக்குப் போனபிறகு அவர் இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் அவருடைய வேடிக்கை. பின்னால் ஊர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

கேப்டன் விழுந்த அந்த வருஷம் வைகாசியில் அண்ணாச்சி கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனார். பத்து நாள். போகுமுன் பேரலையும் ஜாடியையும் என்னிடம் ஒப்படைத்தார். அவர் போன மறுநாள் புது லோடு வந்தது, ஆறு பேரல். கொட்டகைக்குள் இடமில்லை. வெளியே கீற்றுப் பந்தலுக்கு அடியில் நிமிர்த்தி, முறைப்படி கட்டை கொடுத்து நிறுத்தினோம்.

நல்ல அக்கினி வெயில். மத்தியானம் பந்தலின் சந்து வழியாக வெயில் இறங்கி, பேரல் டங் டங் என்று சத்தம் போட்டது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது வெடிக்கப்போகிற சத்தமாகக் கேட்டது. ஓடிப்போய் சாக்குகளை நனைத்து வந்து ஒவ்வொரு பேரலுக்கும் மேலே போர்த்தினேன். சாய்ந்திருந்ததால் சாக்கு வழுக்கி வழுக்கி விழுந்தது. ஊற்றின தண்ணீரும் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடியது. அதனால் அடியில் இருந்த கட்டைகளை உருவிவிட்டேன். பேரல் நேராக நின்றது. சாக்கும் நின்றது, தண்ணீரும் நின்றது. தினம் மத்தியானம் இரண்டு குடம் ஊற்றினேன். தொட்டுப் பார்த்தால் பேரல் குளுகுளுவென்று இருக்கும். எனக்கும் மனசு குளிர்ந்துபோகும்.

ஒரு நாள் கேப்டன் பார்த்துவிட்டு, "என்னக்கா, பேரலுக்கெல்லாம் சேலை கட்டி விட்டிருக்கீக?" என்றார்.

"நீங்க மட்டும் வெயிலுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டா ஆச்சா? அதுக்கு வேண்டாமா?" என்றேன்.

"பொட்டும் வச்சு விட்டுருங்க" என்று சிரித்துக்கொண்டே போனார். அது தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை.

வடிகட்டும் தோலில் அந்த வாரம் ஓட்டை விழுந்தது. புதுத் தோல் மதுரையிலிருந்து வர வேண்டும். மல்துணியை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டேன். தூசி நிற்குமே என்று நினைத்தேன். துணியில் தண்ணீர் நிற்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் முதலாளியைக் கூட்டிவரக் கேப்டன் கோயம்புத்தூருக்குத் தனியாகக் கிளம்பினார். காலை பத்தரை இருக்கும். பெட்ரோல் ஊற்றி, அரைமணி விட்டு, ஜாடியில் பிடித்தேன். தூக்கிப் பார்த்தேன். கோடு இல்லை. ஆனால் நீலம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வெளிறிக் கிடந்தது. "நிறம் கம்மியா இருக்கு, புது லோடு" என்று நானே சொன்னேன். எங்கள் பக்கத்தில் அச்சு மையானாலும் பட்டாசு மருந்தானாலும் லோடுக்கு லோடு நிறம் முன்னே பின்னே இருக்கும். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். அவர் ஜாடியை வாங்கிப் பார்த்தார். "கோடு இல்லைல்லக்கா?" என்றார். "இல்லை" என்றேன். ஏறிவிட்டார்.

தண்ணீரும் பெட்ரோலும் இருந்தால்தான் நடுவில் கோடு வரும். ஜாடி முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடு எங்கிருந்து வரும்?

இஞ்சினுக்குப் போகிற குழாயில் மிச்சமிருந்த நல்ல பெட்ரோல் அவரை மேலே ஏற்றுகிற வரைக்கும்தான் தாங்கியது. மேற்கே பார்த்து ஓடி எழும்பினார். ஓடுதளம் முடிகிற இடத்தில் இஞ்சின் இருமியது. ஒரு தரம் பிடித்தது. அப்புறம் நின்றுவிட்டது. அந்த அமைதியை நான் இன்னும் கேட்கிறேன். விமானம் நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பியது. திரும்பும்போதே இறக்கை ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு கல் மாதிரிக் கரிசலில் விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவருக்கு உயிர் இல்லை. தீப்பிடிக்கவில்லை. இஞ்சின் ஏன் நின்றது என்பது பிறகுதான் புரிந்தது. டாங்கியின் அடியில் நின்றது நான் ஊற்றின தண்ணீர்.

அன்று சாயங்காலமே ஊரில் கதை கிளம்பிவிட்டது. அவ்வளவு தாழ்வில் திரும்பக்கூடாதாம், அது பால பாடமாம், பெண்களுக்கு இறக்கை ஆட்டிக் காட்டப் போய்த்தான் விழுந்தாராம். பொட்டல் மேனேஜருக்கும் அந்தக் கதை வசதியாக இருந்தது. கேப்டன் தப்பு என்று முடிந்தால் பொட்டலில் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சாக்குகளை எடுத்து வேலியில் காயப்போட்டேன். யாரும் சொல்லவில்லை. ஏன் செய்தேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. பயம் என்று இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். டாக்டர் படுக்கச் சொன்ன ஆள், மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். நேரே பந்தலுக்குப் போனார். பேரல்களுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பேச்சி, அடியில இருந்த கட்டை எங்க?"

"எடுத்துட்டேன் அண்ணாச்சி."

"ஏன்?"

"சாக்கு வழுக்குச்சு."

"என்ன சாக்கு?"

சொன்னேன். கட்டை, சாக்கு, குடம், துணி, ஜாடியின் நிறம், ஒன்று விடாமல். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் கரிசல் மண் ஒட்டியது. பிறகுதான் அவர் முதல் தரமாக எனக்குக் காரணம் சொன்னார். பேரலும் மூச்சு விடும். சூடேறினால் மூடியின் திருகு மறை வழியாக உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும். சூடான பேரல் மேல் தண்ணீரை ஊற்றினால் அது குளிர்ந்து சட்டென்று காற்றை உள்ளே இழுக்கும். மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தேங்கக்கூடாது என்பதற்குத்தான் கட்டை.

"இதை நான் உனக்கு என்னைக்காவது சொல்லிருக்கேனா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்தில் அவர் வயது பத்து கூடிப்போனது மாதிரி இருந்தது.

மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். பேரலைக் குளிப்பாட்டின கதையை விசாரிக்க வரும் ஆபீசர்களிடம் சொல்லி எல்லாரையும் தெருவில் நிறுத்தாதே என்று எனக்குச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை என்பதையும் ஞாபகப்படுத்தினார். அவர் போனபின் அண்ணாச்சி கேட்டார். "ஆபீசர் நாளைக்கு வாராரு. நான் சொல்லட்டுமா, நீ சொல்லுறியா?"

அன்று முழுக்க யோசித்தேன். என் வேலை, வீட்டுக்காரர் வேலை, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட அண்ணாச்சிக்கு இருந்த உரிமம் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விருதுநகரில் ஒரு தாய் தன் மகன் பெண்களுக்கு வேடிக்கை காட்டிச் செத்தான் என்று சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "ஊத்துனது நான். நானே சொல்லுறேன்" என்றேன்.

ஆபீசர் வடநாட்டுக்காரர். கூட வந்த உதவியாளர் தமிழ். மூன்று மணி நேரம் கேட்டார்கள். நான் அவசரப்படவில்லை. சாக்கை எப்படிப் போர்த்தினேன் என்று நனைத்துப் போர்த்திக் காட்டினேன். மிச்சமிருந்த பேரல்களைத் திறந்து குழாய் விட்டு அடியிலிருந்து உறிஞ்சினார்கள். தண்ணீர் வந்தது. அண்ணாச்சி, "கட்டை வைக்கச் சொன்னேன், காரணம் சொல்லலை. அதை என் பேருல எழுதிக்கோங்க" என்றார்.

உதவியாளர் என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓர் இடத்தில் ‘கவனக்குறைவால்’ என்று இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன்.

"வேற எப்படிம்மா எழுதச் சொல்லுறீங்க?" என்றார்.

"கவனம் குறையலை சார். கூடிப்போச்சு. என்ன செய்றோம்னு தெரியாம ரொம்பக் கவனமா செஞ்சுட்டேன். அப்படியே எழுதுங்க."

அவர் ஆபீசரிடம் இங்கிலீஷில் சொன்னார். ஆபீசர் பேனாவை வாங்கி அந்த வார்த்தையை அவரே அடித்தார். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மேனேஜர் என்னைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மாற்றினார். தண்ணீர் ஊற்றத்தானே உனக்குத் தெரியும் என்று குத்திக் காட்டினார். வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சியின் உரிமத்தைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள். அது திரும்ப வந்த அன்றைக்கு அவர் நேரே மேனேஜர் அறைக்குப் போனார். "பேச்சியைப் பேரலுக்கு அனுப்புங்க. இனி இந்த ஜில்லாவுல அவளை மாதிரி அதைப் பாக்குற ஆள் கிடைக்காது" என்று கேட்டு என்னைக் கூட்டி வந்தார். அன்றையிலிருந்து எந்த வேலை சொன்னாலும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவார். நான் போதும் போதும் என்கிற வரைக்கும் சொல்லுவார். போன தைக்கு முந்தின தையில் தவறிப்போனார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் மருந்து சீட்டைக் காட்டி எந்த மாத்திரை எதுக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

விசாரணை முடிவு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு பிரதி கேப்டன் வீட்டுக்குப் போனது என்று கேள்விப்பட்டு நான் விருதுநகருக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அண்ணாச்சி நானும் வாரேன் என்றார். வேண்டாம் என்றேன்.

கேப்டனின் அம்மா கதவைத் திறந்தார். முக்காடு போட்ட, மெலிந்த அம்மா. பொட்டலில் வேலை பார்க்கிறவள் என்றதும் உட்காரச் சொன்னார். பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளையைக் கூப்பிட்டு அந்த இங்கிலீஷ் தாளைப் படிக்கச் சொல்லியிருந்தாராம். இஞ்சின் நின்றதற்குப் பெட்ரோலில் தண்ணீர் காரணம், தாழ்வான உயரத்தில் திரும்பியது அடுத்த காரணம் என்று இருந்ததாம்.

"திரும்புனான்னு போட்டிருக்காக. ஏன் திரும்புனான்னு போடலை" என்றார். "அந்தக் கம்பெனிப் பொம்பளைக பக்கம் போகத்தான் திரும்புனானா? நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்மா. அந்தப் பக்கம் போகத் திரும்பலை. அந்தப் பக்கத்தை விட்டுத்தான் திரும்புனாரு. நேராப் போனா எதிர அந்த அறைக இருந்துச்சு. உள்ள வேலை நடந்துக்கிட்டு இருந்த நேரம். அவரு மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எதிர என்ன இருந்துச்சுன்னு தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "அந்தத் தண்ணி நான் ஊத்துனது" என்றேன். சாக்கு, கட்டை எல்லாம் சொன்னேன். ஜாடியைத் தூக்கிக் கோடு இல்லை என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, வாரேன்மா என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டும்போது பின்னால் அவர் நடந்து வருவது கேட்டது. கையில் ஒரு குடை.

"வெயில் கொல்லுது. இதைக் கொண்டு போங்க" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். கையை அவர் உடனே எடுக்கவில்லை.

"திருப்பித் தரணும். ஆள்கிட்டக் குடுத்து விடாதீக. நீங்களே வரணும்."